முரசில் இரத்தம் வந்தால் யாரிடம் போவது? வன்னியில் உள்ள நாலு வழிகள்

பல் விளக்கும்போது முரசில், அதாவது பல் ஈறில், இரத்தம் கசிந்தால் வன்னியில் இருப்பவருக்கு நாலு வழிகள் உண்டு. வீட்டுக் கைவைத்தியம், அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக், நகரத்துத் தனியார் பல் வைத்தியர், பிள்ளைகள் என்றால் பாடசாலைப் பல் சிகிச்சையாளர். ஐந்தாவது வழி கனடா, லண்டன் போன்ற இடங்களில் இருக்கிறது: டென்டல் ஹைஜீனிஸ்ட், பல்லையும் முரசையும் துப்புரவாக வைப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர். விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரர், “ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பல்லு கிளீன் பண்ணுறேல்லையோ?” என்று கேட்பது அந்த ஆளை மனதில் வைத்துத்தான். எங்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த வேலையும் பல் வைத்தியரின் தலையிலேயே விழுகிறது. ஆனாலும் ஹைஜீனிஸ்ட் என்ன செய்கிறார் என்று தெரிந்தால், இங்குள்ள நாலு வழிகளிலும் எது எங்கே குறைகிறது என்பது பிடிபடும்.

1906 இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் அல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர், தன்னிடம் உதவிக்கு நின்ற ஐரீன் நியூமனுக்குப் பல் துப்புரவு செய்யப் பழக்கினார். 1913 இல் அதற்கென ஒரு பயிற்சி வகுப்பையே தொடங்கினார். அங்கே படித்து வந்தவர்கள் முதலில் போனது அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு, பிள்ளைகளுக்குப் பல் விளக்கக் காட்டிக்கொடுக்க. இன்றைக்கும் அந்தத் தொழிலின் வேலை மூன்று. முதலாவது அளப்பது: மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் முரசுக்குள் மெதுவாக இறக்கிப் பார்ப்பார். மூன்று மில்லிமீற்றர் வரை பயமில்லை, நாலோ அதற்கு மேலோ போய் இரத்தமும் வந்தால் அங்கே வருத்தம் தொடங்கிவிட்டது. இரண்டாவது, பல்லின் மேலும் முரசுக்குக் கீழும் கல்லுப்போல இறுகிப்போன அழுக்கை, அதாவது காரையை, சுரண்டி எடுப்பது; இதைத்தான் ஸ்கேலிங் என்பார்கள். மூன்றாவது பழக்குவது: உங்கள் பிரஷ் எங்கே படவில்லை என்று கண்ணாடியில் காட்டி, அடுத்த முறை வரும்போது திருந்தியிருக்கிறீர்களா என்று திரும்பவும் அளப்பது. பிரித்தானியாவில் 2013 மே மாதத்திலிருந்து பல் வைத்தியரைப் பார்க்காமல் நேரே ஹைஜீனிஸ்டிடமே போகலாம்.

இனி எங்கள் வழிகள். கைவைத்தியத்தைப் பழிப்பது சுலபம், நான் பழிக்கப் போவதில்லை. பல்லில் படியும் அழுக்கு முதலில் பசைபோல மெதுவானது. அந்த நிலையில் வேப்பங்குச்சியும் அதை எடுக்கும், நாயுருவி வேரும் எடுக்கும், விரலும் ஓரளவுக்கு எடுக்கும். சிக்கல் குச்சி எட்டாத இடத்தில்தான். கீழ்வரிசை முன்பல்லின் உட்பக்கத்தில் எச்சில் சுரப்பி வந்து திறக்கிறது. காரை ஆகக் கூடுதலாகக் கட்டுவதும் அங்கேதான், குச்சி ஆகக் குறைவாகப் போவதும் அங்கேதான். கடைவாய்ப் பல்லின் இடுக்குகளும் அப்படியே. எடுபடாத பசையில் எச்சிலின் கல்சியம் ஏறி, சில நாளிலிருந்து சில கிழமைக்குள் அது இறுகிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதைத் துணியால் துடைத்து எடுக்க முடியுமா? இதுவும் அந்த ரகம். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் வீக்கம் கொஞ்சம் ஆறும், காரை அசையாது. உமிக்கரி பல்லை வெளுப்பாகக் காட்டும். ஆனால் பல்லின் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து, சில வருசத்தில் குளிர் தண்ணீர் குடிக்க முடியாத கூச்சத்தைக் கொண்டுவந்துவிடும்.

வவுனியாப் பக்கம் சில ஊர்களில் பிள்ளைகளின் முன்பல்லில் கபில நிறக் கறை இருக்கும். கிணற்று நீரில் புளோரைட் கூடினதால், பல் உருவாகும் காலத்திலேயே உள்ளே பதிந்த நிறம் அது, ஊத்தை அல்ல. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் புளோரைட்டுக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். உமிக்கரியும் அதைப் போக்காது, ஸ்கேலிங்கும் போக்காது. ‘பல்லு விளக்குறேல்ல’ என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

“எங்கட அப்பு பிரஷ்ஷையே கண்டதில்ல, எண்பது வயசிலயும் கரும்பு கடிச்சவர்” என்ற வாதத்துக்கு எங்கள் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1970 இலிருந்து 1985 வரை ஹரல்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரும் கூட்டாளிகளும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் முரசைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். பல் வைத்தியரையோ பிரஷ்ஷையோ அறியாத மக்கள் அவர்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் முரசு வீங்கியிருந்தது. ஆனால் 11 வீதமானவர்களுக்கு வருத்தம் அதற்கு மேல் போகவில்லை. 81 வீதமானவர்களுக்குப் பல்லின் பிடிமானம் மெதுமெதுவாகக் குறைந்தது. 8 வீதமானவர்களுக்கு வேகமாகக் கரைந்து இளவயதிலேயே பற்கள் போயின. அப்பு அந்த 11 வீதத்தில் ஒருவராக இருந்திருப்பார். நீங்கள் எந்தக் கூட்டம் என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. கைவைத்தியத்தின் பெருங்குறையும் இதுதான், அதில் அளவே இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பல் கிளினிக் உண்டு, காசில்லை. அங்கே இருப்பவரும் பட்டம் பெற்ற பல் வைத்தியர்தான். தனியாரிடம் போனால் ஏதோ மேலான படிப்பு இருக்கும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பின்னேரம் தனியார் கிளினிக்கில் இருப்பவர் காலையில் ஆஸ்பத்திரியில் இருந்தவராகவே இருக்கலாம். அரசாங்கப் பக்கத்தில் குறைவது நேரம். காலையில் வரிசையில் நிற்பவர்களில் அநேகர் வலியோடு வந்தவர்கள். வீங்கின கன்னத்தோடு ஒருவர் நிற்கும்போது, இரத்தம் மட்டும் கசிகிற உங்களுக்குத் திகதி கொடுத்து அனுப்புவது நியாயமே. நெடுங்கேணியிலோ முழங்காவிலிலோ இருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அந்தத் திகதி இன்னொரு நாள் கூலி இழப்பு. அதனால் பலர் திரும்பிப் போவதில்லை, பல் ஆடத் தொடங்கின பிறகு பிடுங்கத்தான் வருகிறார்கள். ‘அரசாங்கத்தில பிடுங்கத்தான் செய்வினம்’ என்ற பெயரில் பாதியை நாங்களே உண்டாக்கியிருக்கிறோம்.

அங்கே ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் சரியாகப் பாவிப்பதில்லை. நீரிழிவுக் கிளினிக்கும் பெரும்பாலும் அதே வளாகத்தில்தான். சீனி கூடினால் முரசு வருத்தம் கூடும், முரசில் அழற்சி இருந்தால் சீனியைக் கட்டுக்குள் வைப்பது கடினம். கிளினிக் கொப்பியைப் பல் வைத்தியரிடமும் நீட்டுங்கள். அதோடு வாய் திறந்து கேளுங்கள்: “ஸ்கேலிங் செய்ய வேணும், முரசு எவ்வளவு இறங்கியிருக்கெண்டு பார்க்க வேணும்.” கேட்காவிட்டால் வலி எந்தப் பல்லில் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தனியாரிடம் நேரம் விலைக்குக் கிடைக்கும். முன்பதிவு, பின்னேர நேரம், பக்கத்தில் வரிசை இல்லாததால் கேள்வி கேட்கும் துணிவு. ஆனால் கலியாணத்துக்கு முதல் கிழமை போய்ப் பல்லைப் பளபளப்பாக்கி வருவதற்கும் முரசு வைத்தியத்துக்கும் வெகுதூரம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 2018 இல் வெளியிட்ட தொகுப்பு, முரசு வருத்தம் முற்றாமல் ஒழுங்காகப் பல் வைத்தியரிடம் போய்வருகிறவர்களுக்கு, குறித்த தவணையில் செய்யும் ஸ்கேலிங்கும் பொலிஷும் இரண்டு மூன்று வருடத்தில் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை என்கிறது. வெளிநாட்டு உறவினரின் ‘ஆறு மாசம்’ எல்லாருக்கும் பொதுவான சட்டமல்ல. பத்து வருசம் சுரண்டாத காரையோடு இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அந்த ஆய்வு பொருந்தாது என்பதும் உண்மை. காசு கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: முரசுக்குக் கீழும் சுத்தம் செய்வீர்களா, மேலே மட்டுமா? பதில் தடுமாறினால் நான் எழும்பி வந்துவிடுவேன். இலங்கை மருத்துவ சபையில் பதிவில்லாமல் பல்லுக் கட்டிக் கொடுப்பவர்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் ஊரெல்லாம் உண்டு. இடைவெளி முதலே இருந்தது, காரை அதை அடைத்து வைத்திருந்தது. காரை போய் வீக்கமும் வற்றும்போது அது தெரியவருகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

நாலாவது வழியைப் பற்றி ஆட்கள் குறைவாகப் பேசுகிறார்கள், எனக்கோ அதுதான் ஆகப் பெறுமதியானது. நியூசிலாந்து 1921 இல் பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. 1950களில் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் வழியாக அந்த முறை கொழும்புக்குக் கிட்டவுள்ள மஹரகமவுக்கு வந்தது. இன்றும் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். 13 வயது வரையான பிள்ளைகளுக்குச் சுத்தம் செய்வது, சூத்தை அடைப்பது, பிரஷ் பிடிக்கப் பழக்குவது எல்லாம் அவர்கள் வேலை. அளப்பதைத் தவிர ஹைஜீனிஸ்டுக்கு இந்த நாட்டில் ஆகக் கிட்ட நிற்பவர் இவர்தான். பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் துண்டு கொடுத்துவிட்டால் அதை மேசையில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதுவும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிற தாய்தகப்பன் அநேகம். அது நிரந்தரப் பல், சூத்தை பிடித்தால் இன்னொன்று வராது.

என் தீர்ப்பு இதுதான். பல் ஆடவில்லை, சீழ் இல்லை, இரத்தம் மட்டும்தான் என்றால் முதலில் இரண்டு கிழமை, காலையும் இரவும் மெதுவான பிரஷ்ஷை முரசும் பல்லும் சந்திக்கும் விளிம்பில் சரித்துப் பிடித்து, புளோரைட் பற்பசையோடு இரண்டு நிமிடம் விளக்குங்கள். இரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தை விட்டுவிடுவதால்தான் வருத்தம் கூடுகிறது. அதன் பிறகும் நிற்காவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் திகதி எடுத்து, அந்தத் திகதியில் கட்டாயம் போங்கள். திகதி மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மட்டும் தனியாரிடம் காசு செலவழியுங்கள். நீரிழிவுக்காரரும் கர்ப்பிணிகளும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் ஸ்கேலிங் செய்யலாம், நடு மூன்று மாதங்கள் வசதியானவை. சிகரெட் பிடிப்பவருக்கு வருத்தம் முற்றினாலும் இரத்தம் குறைவாகவே வரும், ஆகவே இரத்தம் வராததை நம்பி இருக்கக் கூடாது.

வெற்றிலை போடுபவர்களுக்கு இந்த வரிசையெல்லாம் இல்லை. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது, புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். வாயில் வெள்ளையோ சிவப்போ திட்டு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் முன்புபோல் விரியவில்லை என்று கண்டால் ஸ்கேலிங் கதையை விட்டுவிட்டு அடுத்த கிளினிக் நாளிலேயே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய், வெற்றிலை போடுகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள்.