'ஒல்லாந்தர் காலத்து வீடு' எனக் காட்டப்படும் வாவிக்கரை வளவு: வாங்க விரும்புவோர் கவனத்திற்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிக்கு அண்மையில், வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய வீட்டை 'ஒல்லாந்தர் 1602 இல் கட்டிய மாளிகை' என்று சொல்லித் தரகர் ஒருவர் பலருக்கும் காட்டி வருகிறார். அவரிடம் ஐந்து இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்து, அதில் ஒரு பகுதியை மட்டுமே இதுவரை திரும்பப் பெற்றவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து கொண்டே, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் வளவு வாங்க முனையும் நம்மவர்கள் இதனை முழுமையாக வாசிக்க வேண்டும்.

தரகரின் வரலாற்றில் ஒரு துளி உண்மை கலந்திருந்ததே அதனை நம்பத்தக்கதாக ஆக்கியது. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602 இல் மட்டக்களப்பில் வந்திறங்கியது உண்மை. ஆனால் அவர் கண்டி அரசன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றாரேயன்றி, வாவிக்கரையில் குடியிருக்க வரவில்லை. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் 1628 இல் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர். அதனை ஒல்லாந்தர் கைப்பற்றியது 1638 இல். கோட்டையே பிறர் கையிலிருந்து வந்ததாக இருக்க, அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊருக்குள் மாளிகை எழுந்தது என்பதை எந்த ஆவணம் காட்டுகிறது என்று கேட்டபோது, 'இதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது' என்பதே பதிலாகக் கிடைத்தது.

கூரையில் இருந்தவை மங்களூர் ஓடுகள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865 இல்தான் என்பதை எடுத்துச் சொன்னேன். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியில் பழைய கூரை பறந்துவிட்டதால் பின்னர் போட்ட ஓடு என்று உடனே விளக்கம் வந்தது. அந்தச் சூறாவளி இங்கு எத்தனையோ கூரைகளைக் கொண்டுபோனது எல்லோரும் அறிந்ததே என்பதால், அந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஆனால் பின்விறாந்தையில் சாந்து உதிர்ந்திருந்த இடத்தில் தெரிந்தவை சீமெந்துக் கற்கள். சூறாவளி சுவரையும் மாற்றிப் போட்டதா என்று கேட்டதற்கு அவர் பேச்சை வாவிக் காற்றின் அருமைக்குத் திருப்பிவிட்டார்.

வரலாறு பொய்யானால் விலையில் குறைத்துக் கேட்டு வாங்கியிருக்கலாம். உண்மையான கேடு காணி உறுதியில், அதாவது உரிமைப் பத்திரத்தில், இருந்தது. வெளிநாட்டில் வாழும் ஒருவர் தன் சார்பில் செயற்படக் கொடுத்த அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவத்தின் பேரில்தான் தரகர் விற்பனைக்கு நின்றார். தகப்பனாரின் வீடு மகனான அவருக்கு வந்தது என்பது தரகர் கூறிய உரித்து வழி. இந்த இடத்தில்தான் உள்ளூர் வரலாறு உண்மையிலேயே உதவுகிறது. தேசவழமை என்ற சொத்துரிமை வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்குரியது. மட்டக்களப்பில் பெண்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்ட முக்குவர் வழமை நெடுங்காலம் நிலவியது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பின்னர் அது சட்ட வலுவை இழந்தாலும், குடியிருக்கும் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக எழுதும் பழக்கம் இன்றும் இப்பகுதியில் உயிருடன் இருக்கிறது. பெண்பிள்ளை உள்ள குடும்பத்தில் தாய்வீட்டை ஆண்பிள்ளை விற்க வருகிறார் என்றால், அந்தப் பெண்பிள்ளைக்கு எழுதப்பட்டது என்ன என்ற கேள்வி இங்குள்ள எவருக்கும் முதலில் எழ வேண்டியது. எனக்கும் எழுந்தது, 'தங்கைக்கு வேறு காணி கொடுத்தாயிற்று' என்று தரகர் உறுதியாகச் சொன்னார்.

மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பார்த்தபோது, வீடும் முன்வளவும் அந்தத் தங்கையின் பேருக்குச் சீதன உறுதியாகப் பல ஆண்டுகளுக்கு முன்னரே பதியப்பட்டிருந்தன. அயற்கிராமத்தில் வசிக்கும் அந்த அம்மாவுக்குத் தன் வீடு விற்பனைக்கு வந்திருப்பதே தெரியாது. என்னை இருக்கச் சொல்லித் தேநீர் தந்துவிட்டு, 'தம்பி, அண்ணனுக்கு இதில என்ன இருக்கு?' என்று மட்டுமே கேட்டார்.

விளம்பரத்தில் அழகாகக் காட்டப்பட்ட வாவிப் பக்கத் தென்னந்தோட்டத்தின் கதை வேறு. நில அளவையாளர் உறுதியின் அட்டவணையோடு ஒப்பிட்டு அளந்தபோது, எல்லை கிணற்றடியோடு முடிந்தது. அதற்கப்பால் நீர்வரை கிடந்தது எந்த உறுதியிலும் இல்லாத அரச நிலம். வேலி மட்டும் யாரோ தள்ளிப் போட்டது. உறுதியில் இருந்திருந்தாலுங்கூட அங்கே விருந்தினர் விடுதி கட்டலாம் என்ற பேச்சு நிற்காது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 2011 இல் திருத்தப்பட்ட பின்னர், கடலோடு தொடர்புள்ள வாவிகளின் விளிம்பிலிருந்து உள்நோக்கி 100 மீற்றர் வரையான நிலமும் கரையோர வலயத்துக்குள் வருவதால், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே கட்டட வேலை தொடங்க முடியாது.

முற்பணத்துக்குத் தரப்பட்டது தரகரின் கையெழுத்துடன் ஒரு துண்டுப் பற்றுச்சீட்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். ஆகவே அந்தச் சீட்டைக் கொண்டு காணியைக் கோர இயலாது, பணத்தையே கோரலாம். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் சென்ற பின்னர் இரண்டு இலட்சம் வந்தது. மீதியைத் 'தோட்டம் துப்புரவாக்கிய செலவு' என்று பிடித்துக்கொண்டிருக்கிறார். அரச நிலத்தைத் துப்புரவாக்கியதற்கு என்னிடம் கூலி கேட்பது எந்தக் கணக்கு என்று அவரே சொல்லட்டும். விடயம் இப்போது மத்தியஸ்த சபையில் இருக்கிறது.

இதற்கிடையில் அதே வீடு மீண்டும் விளம்பரத்துக்கு வந்துள்ளது. இம்முறை 1602 நீக்கப்பட்டு, 'வெள்ளைக்காரத் துரை வாழ்ந்த பங்களா' என்று எழுதப்பட்டிருக்கிறது. தென்னந்தோட்டத்தின் படம் பழையதே. பார்க்கச் செல்பவர்கள், பணம் எதுவும் கொடுக்கும் முன்னர், அற்றோணித் தத்துவத்தைக் கொடுத்தவர் யார், பதிவகப் பிரதியில் உரிமையாளராக இருப்பவர் யார் என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.