கென்வுட் டி.எஸ்.-520எஸ்: பழைய வால்வு டிரான்சீவரை இன்று வாங்கலாமா?

அமெச்சூர் வானொலி உரிமத்தைப் புதிதாகப் பெற்றவர்கள் சிற்றலைக்கு (ஷார்ட்வேவ்) எந்த ரிக், அதாவது வானொலிக் கருவி, வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் கிடைக்கின்றன. கையைக் கடித்தாலும் பரவாயில்லை, புதிய ஜப்பானியக் கருவி ஒன்றையே வாங்கிவிடுங்கள் என்பார் ஒருவர். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் போன்ற ஒன்றைக் கையாலேயே கட்டிக்கொள்ளுங்கள் என்பார் இன்னொருவர். இந்த இரண்டுக்கும் நடுவில், மூத்த ஹாம்களின் (அமெச்சூர் வானொலியாளர்களின்) வீட்டு அலமாரிகளிலிருந்து அவ்வப்போது விற்பனைக்கு வரும் கென்வுட் டி.எஸ்.-520எஸ் இருக்கிறது; அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டியாக அமைந்த டிரான்சீவர் அது. சில ஆண்டுகளாக என் மேசையில் முதன்மைக் கருவியாக இருந்து வருவது அதுதான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேச்சும் மோர்ஸும் போதும் என்பவரும், திருப்புளியையும் மல்டிமீட்டரையும் எடுக்கத் தயங்காதவரும் இதைத் தாராளமாக வாங்கலாம், விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் வாங்க வேண்டாம்.

ட்ரியோ-கென்வுட் நிறுவனம் 1970களில் வெளியிட்ட டி.எஸ்.-520 கருவியில் 160 மீட்டர் பேண்டை (அதிர்வெண் பட்டையை) சேர்த்து, டி.ஜி.-5 என்ற எண்முறை அதிர்வெண் காட்டியை வெளியிலிருந்து இணைக்கவும் வழி செய்து, அதன் அடுத்த வடிவமாக வந்தது 520எஸ். ஏற்பி (ரிசீவர்) பகுதி முழுவதும் டிரான்சிஸ்டர்களால் ஆனது. அனுப்பும் பகுதியின் கடைசி இரண்டு நிலைகளில் மட்டும் வால்வுகள் உண்டு: இறுதி நிலைக்கு முன்னால் அதை இயக்க ஒரு 12பி.ஒய்.7ஏ, இறுதி நிலையில் 6146பி-க்கு இணையான எஸ்.2001ஏ இரண்டு. எஸ்.எஸ்.பி.யில் (பேச்சை அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில்) உள்ளீட்டுத் திறன் 200 வாட். ஆன்டெனாவுக்குப் போவது ஏறத்தாழ அதில் பாதி. மின்வழங்கியும் ஒலிபெருக்கியும் உள்ளேயே இருப்பதால், தனியாக 13.8 வோல்ட் மின்வழங்கி வாங்கும் செலவு இல்லை. அதற்கு விலையாக 16 கிலோ எடையைச் சுமக்க வேண்டும்.

ஏற்பின் தரத்தைப் பொறுத்தவரை, இந்தக் கருவியின் வயதை மறந்துவிடலாம். வந்த சைகையை ஒரே ஒரு முறை மாற்றி, 3.395 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்து, அங்கேயே எட்டுத் துருவப் படிக வடிகட்டி ஒன்றின் வழியாக அனுப்பும் எளிய அமைப்பு இது. மாற்றங்கள் குறைவாக இருப்பதால் கருவி தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் பொய்ச் சைகைகளும் குறைவு. காலை வேளையில் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்டில் தென்னிந்திய நிலையங்கள் கூடும்போது, ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாக, காதை உறுத்தாமல் ஒலிக்கும். பல மணி நேரம் கேட்டாலும் அலுப்புத் தட்டுவதில்லை. இரவில் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் முழு வலுவுடன் நிற்கும் நேரத்தில், 20 டெசிபல் குறைப்பானை அழுத்திவிட்டால் ஹாம் பகுதி தெளிந்துவிடுகிறது. ஆனால் அருகில் ஒருவர் விசில் அடிப்பதுபோல் கேரியரை (பேச்சில்லாத வெறும் அலையை) விட்டுக்கொண்டிருந்தால் அதை வெட்டி எறிய நாட்ச் வசதி கிடையாது. மோர்ஸில் நெரிசலைச் சமாளிக்க 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியைத் தனியாகத் தேடிப் பொருத்தியாக வேண்டும். அந்த வடிகட்டி ஏற்கெனவே பொருத்தப்பட்ட கருவி கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

நாய்ஸ் பிளாங்கர் என்ற குமிழைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது வாகன எஞ்சினின் பொறித் துடிப்புகளை அடக்குவதற்காக ஏற்பட்டது. இன்றைய வீடுகளில் எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டரும் கைப்பேசிச் சார்ஜர்களும் கிளப்பும் தொடர் இரைச்சலுக்கு அதனிடம் மருந்து இல்லை. வீட்டில் எந்தக் கருவி இரைகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து அறிவதுதான் வழி.

அனுப்பும் பக்கத்துக்கு வருவோம். புதிய ரிக்குகளில் பேண்டை மாற்றினால் உடனே பேசலாம். இதில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இறுதி நிலையை இசைவித்தாக வேண்டும். முதலில், ஏற்பிலேயே டிரைவ் குமிழைத் திருப்பி, இரைச்சல் உச்சம் பெறும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு மீட்டரை, வால்வுகளின் மின்னோட்டத்தைக் காட்டும் ஐ.பி. நிலையில் வைத்து, கேரியரை ஏற்றி, பிளேட் குமிழை மெதுவாகத் திருப்பினால் முள் ஓரிடத்தில் பளிச்சென்று கீழே விழுந்து மீண்டும் எழும். அந்தப் பள்ளம்தான் நமக்குத் தேவையான இடம். அதன் பின் மீட்டரை, வெளியேறும் திறனைக் காட்டும் ஆர்.எஃப். நிலைக்கு மாற்றி, லோட் குமிழால் முள்ளை உச்சத்துக்கு ஏற்றி, பிளேட்டை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சொல்லும்போது நீளமாகத் தெரிந்தாலும் பழகிய கைக்குப் பத்து விநாடி வேலை. பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் இசைவு தவறிய நிலையில் கேரியரைத் தொடர்ந்து விட்டால் வால்வுகளுக்குள் உள்ள பிளேட்டுகள் (தகடுகள்) சிவந்து வால்வுகளின் ஆயுள் அப்போதே கரையத் தொடங்கும். ஒவ்வொரு பேண்டுக்கும் குமிழ்கள் நிற்கும் இடத்தை ஒரு துண்டுத் தாளில் குறித்து மேலே ஒட்டிவைப்பது பழைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இந்தச் சிரமத்துக்குப் பலனும் உண்டு. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்ற அளவு) சற்று ஏறினாலே டிரான்சிஸ்டர் இறுதி நிலை தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துவிடும். வால்வும், அதை ஆன்டெனாவோடு பொருத்தும் பை (π) வலையமைப்பும் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் இடம் போதாமல் முனைகளை மடக்கிக் கட்டிய 20 மீட்டர் நீளக் கம்பி டைபோல் ஆன்டெனா ஒன்றில், 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டின் இரு கோடிகளிலும், தனி டியூனர் எதுவும் இல்லாமல் முழுத் திறனையும் செலுத்த முடிகிறது. ஒலிவாங்கி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இந்தக் கருவி எதிர்பார்ப்பது 50 கிலோ ஓம் அளவிலான உயர் மின்தடை ஒலிவாங்கி. இன்றைய 600 ஓம் மைக்கை அப்படியே நான்கு முனைச் செருகியில் இணைத்தால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாக எதிர்முனையிலிருந்து புகார் வரும்.

பெரிய குறை என்று நான் கருதுவது அதிர்வெண் நகர்வைத்தான். போட்டு ஒரு நிமிடம் ஆனதிலிருந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கிலோஹெர்ட்ஸ் வரையிலும், அதன் பிறகு ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் 100 ஹெர்ட்ஸ் வரையிலும் நகரலாம் என்று இதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. பேச்சுக்கு இது பொருட்டில்லை, கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் சற்று நகர்த்தும் ஆர்.ஐ.டி. குமிழை லேசாகத் தொட்டால் சரியாகிவிடும். ஆனால் 2017-இல் வந்து இன்று பேண்டுகளை நிறைத்திருக்கும் எஃப்.டி.8 என்ற கணினிவழிக் குறுஞ்செய்தி முறையில், அடுத்தடுத்த தொனிகளுக்கு இடையே உள்ள தூரமே 6.25 ஹெர்ட்ஸ்தான். கருவி நன்றாகச் சூடேறிய பிறகு அதிலும் சில தொடர்புகளைப் பிடிக்கலாம் என்பது உண்மை. இருந்தாலும், ஒன்றுவிட்டு ஒன்றான 15 விநாடிச் சுற்றுகளில் பெரும்பகுதி நேரம் முழுக் கேரியரை விடும் அந்த முறை, பேச்சின் ஏற்ற இறக்கங்களுக்காக அமைக்கப்பட்ட இந்த இறுதி நிலைக்குக் கொடுந்தண்டனை. எஃப்.டி.8-தான் உங்கள் நாட்டம் என்றால் இந்த மதிப்புரையை இங்கேயே நிறுத்திவிட்டு வேறு கருவியைப் பாருங்கள். 1979 உலக வானொலி மாநாட்டில் ஹாம்களுக்குக் கிடைத்த 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளும் இதில் கிடையாது. அவை வேண்டுமென்றால் அடுத்து வந்த டி.எஸ்.-530எஸ் கருவியைத் தேட வேண்டும்.

அப்படியிருந்தும் 1980களின் பளபளப்பான ரிக்குகளை விட்டுவிட்டு இதை ஏன் பரிந்துரைக்கிறேன்? பழைய கருவி என்றதும் வயது குறைந்ததே மேல் என்று நினைப்பது இயல்பு. என் கணக்கு அதற்கு நேர்மாறானது. நுண்செயலியும், அதிர்வெண்ணைப் பூட்டி நிறுத்தும் பி.எல்.எல். சுற்றும் புகுந்த பிறகு வந்த கருவிகளில், பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. 1986-இல் வந்த டி.எஸ்.-440எஸ் கருவியில், உதிரிகள் அசையாமலிருக்க இட்ட பசை காலப்போக்கில் மின்கடத்தியாக மாறிவிடுவதால், அதிர்வெண் எண்களுக்குப் பதிலாக வெறும் புள்ளிகள் மட்டும் திரையில் தெரியும் நோய் பரவலாக அறியப்பட்டது. ஐகாம் 751-இல் நினைவகத்தைக் காக்கும் சிறிய லித்தியம் மின்கலம் தீர்ந்தால், கருவியை இயக்கும் நிரலே அழிந்துவிடும். அந்தக் காலத்துத் தனிப்பயன் சில்லுகள் கெட்டுவிட்டால், இன்னொரு செத்த கருவியைப் பிரித்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

520எஸ்-இல் வரும் வயோதிகக் கோளாறுகளோ, ஏறக்குறைய எல்லாமே, கையாலும் கண்ணாலும் எட்டக்கூடியவை. டயலைத் திருப்பும்போது அதிர்வெண் திடீரென்று துள்ளினால், வி.எஃப்.ஓ. (டயலுக்கு ஏற்ப அதிர்வெண்ணை உண்டாக்கும் சுற்று) பெட்டிக்குள் இருக்கும் மாறு மின்தேக்கியின் சுழல் அச்சைத் தரையுடன் இணைக்கும் மெல்லிய உலோக விரல்களில் களிம்பு ஏறியிருக்கிறது என்று பொருள். மூடியைக் கழற்றி, பல்குத்தும் குச்சி முனையில் ஒரு சொட்டுக் காண்டாக்ட் கிளீனரை எடுத்து அந்த விரல்களில் வைத்து, டயலை இப்பக்கமும் அப்பக்கமும் சில முறை சுழற்றினால் துள்ளல் நின்றுவிடும். பல்சக்கரங்களின் மீதோ தகடுகளின் மீதோ கிளீனரைப் பீய்ச்சக் கூடாது. பேண்டு மாற்றியின் தொடுமுனைகளுக்கும் இதே சிகிச்சைதான். மின்வழங்கியில் உள்ள மின்பகு மின்தேக்கிகள் காய்ந்திருக்கும். அவற்றுக்குச் சமமான மதிப்பும் வோல்ட்டேஜும் கொண்ட புதியவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 12பி.ஒய்.7ஏ தொலைக்காட்சிப் பெட்டிகளில் காட்சிச் சைகையைப் பெருக்கப் பயன்பட்ட வால்வு என்பதால், பழைய இருப்பு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 6146பி விலை ஏறியிருந்தாலும் கிடைக்கிறது. அதே காலத்தில் பெரும்புகழ் பெற்ற யேசு எஃப்.டி.-101 கருவியில் 6ஜே.எஸ்.6சி என்ற தொலைக்காட்சி வால்வைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று என்று வரும்போது நான் 520எஸ் பக்கம் சாய்வதற்கு இது முக்கியக் காரணம்.

இறுதி வால்வுகளை மாற்றுவோர் இரண்டையும் ஒன்றாக, பொருத்தமான இணையாக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஓய்வு மின்னோட்டத்தை 60 மில்லிஆம்பியருக்கு அமைத்து, நியூட்ரலைசேஷனையும் (வால்வின் வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பாமல் சமன்செய்வதை) புதிதாகச் செய்ய வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு, பழைய அமைப்பிலேயே ஓடுகிறது என்று விட்டுவிட்டால் 10 மீட்டரில் வால்வுகள் தாமாகவே அலைவுகளை உண்டாக்கத் தொடங்கும் அபாயம் உண்டு. உள்ளே பிளேட் வோல்ட்டேஜ் ஏறத்தாழ 800. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கலாம்; பொறுத்திருந்து, மீட்டர் மின்னழுத்தமே இல்லை என்று காட்டிய பிறகுதான் கை நுழைய வேண்டும், முடிந்தவரை ஒரு கை மட்டும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீடாக இருந்தால், மேல்மூடி இல்லாமல் கருவியை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

நம் ஊர்ச் சூழலுக்கு இரண்டு குறிப்புகள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் சென்ற கருவி என்றால் மின்மாற்றி 100 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கக்கூடும். செருகுவதற்கு முன் திறந்து பார்த்தே ஆக வேண்டும். 220 வோல்ட் இணைப்பில் இருந்தாலும், சில பகுதிகளில் நள்ளிரவில் மின்னழுத்தம் ஏறி வால்வுகளின் ஹீட்டர்களை வருத்தும் என்பதால், நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வீண்செலவாகாது. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவைத்தால் வால்வும் மிச்சம், சித்திரை மாதத்து அறையும் கொஞ்சம் குளிர்ச்சி.

விலை நாட்டுக்கு நாடு, கைக்குக் கை மாறுவது. புதிய 100 வாட் கருவியின் விலையில் சிறு பகுதிக்கே நல்ல நிலையில் உள்ளது கிடைக்கிறது. உரிமம் இல்லாமல் டிரான்சீவரை வாங்கி வைக்கக் கூடாது என்பதால், விற்பவரும் வாங்குபவரும் உரிமப் பிரதிகளைப் பரிமாறிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. பார்க்கப் போகும்போது டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை ஏற்கும் மின்தடை) ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பேண்டிலும் டயலைச் சரிபார்க்க 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக வரும் அளவீட்டுச் சைகை கேட்கிறதா, பிளேட் குமிழில் அந்தப் பள்ளம் தெளிவாக விழுகிறதா, 40 மீட்டரில் வரும் திறனுக்கும் 10 மீட்டரில் வரும் திறனுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். உயர் பேண்டுகளில் மட்டும் திறன் சரிந்தால் இறுதி வால்வுகள் களைத்துவிட்டன என்று கொள்ளலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பது நியாயமே. பார்சலில் அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் கூடியவரை மறுத்துவிட்டு, நேரில் போய்த் தூக்கி வாருங்கள்; பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் போதும், உள்ளிருக்கும் மின்மாற்றியின் எடையே சட்டகத்தை வளைத்துவிடும்.