இஸ்ரவேலா, யூதாவா: எது வலிய அரசு?

கி.மு. 930 வாக்கில், ஒன்றுபட்ட இஸ்ரவேலை ஆண்ட தாவீதின் மகன் சாலொமோன் இறந்தார். அரசு சுமத்திய பாரத்தைக் குறைக்கும்படி கேட்ட மக்களிடம் அவர் மகன் ரெகொபெயாம் திமிராகப் பேசினார். பத்துக் கோத்திரங்கள் யெரொபெயாமை அரசராக்கிப் பிரிந்துபோய்விட்டன; அதுவே வடக்கின் இஸ்ரவேல் அரசு. தாவீதின் வம்சத்தோடு நின்றவை யூதா, பென்யமீன் கோத்திரங்கள்தான்; அது தெற்கின் யூதா அரசு.

வளத்தில் வடக்கு வெகுதூரம் முன்னே. யெஸ்ரயேல் சமவெளியின் விளைச்சல், வணிகப் பாதைகள், அரசர் உம்ரி எழுப்பிய தலைநகர் சமாரியா. கி.மு. 853இல் அசீரியாவை எதிர்த்த கர்க்கார் போருக்கு உம்ரியின் மகன் ஆகாப் 2,000 தேர்களைக் கொண்டுவந்ததாக அசீரியக் கல்வெட்டே சொல்கிறது. எண்ணை எதிரி ஊதிப் பெருக்கியிருக்கலாம். யூதாவுக்கு வாய்த்ததோ மேடும் பாறையும் ஆட்டு மந்தையும்.

ஆனால் வடக்கில் அரியணை நிலைக்கவில்லை. சிம்ரி என்ற அரசர் ஆண்டது ஏழே நாள்! தெற்கில், அரியணையைப் பறித்த அரசி அத்தாலியாளின் ஆறு ஆண்டுகள் நீங்கலாக, தாவீதின் ஒரே வம்சம். பெத்தேல், தாண் ஊர்களில் வழிபாட்டுக்கு வைத்த பொற்கன்றுகளுக்காக வடக்கத்து அரசர்கள் வேதாகமத்தில் வசைபாடப்படுகிறார்கள். ஆனால் அதன் அரசர் வரலாறு யூதாவின் பார்வையில் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

வடக்கின் செல்வமே அசீரியாவின் கண்ணை உறுத்தியது. கி.மு. 722 வாக்கில் சமாரியா வீழ்ந்தது. 27,000க்கும் மேற்பட்டோரை நாடுகடத்தியதாக அசீரிய அரசர் இரண்டாம் சார்கோன் பதிவுசெய்தார். கி.மு. 701இல் அசீரிய அரசர் சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரைப் பிடித்தும் தலைநகர் எருசலேமைப் பிடிக்கவில்லை. யூதாவின் அரசர் எசேக்கியா கப்பம் கட்டினார். பாறையைக் குடைந்து நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்த 533 மீட்டர் சுரங்கமும் அவர் காலத்தது என்பர். கி.மு. 586இல் பாபிலோன் அந்த நகரையும் எரித்தது. என் கணக்கில் வலிமை வடக்குக்கு, தாக்குப்பிடிக்கும் திறன் தெற்குக்கு.