பூனைக்கு நாய் மருந்தை விற்கிறார்கள், கவனம்

மலையகத்தில் பூனை வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். தெள்ளு மருந்தைப் பெட்டி இல்லாமல் சிரிஞ்சில் இழுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

ஹட்டன் பக்கத்து டவுன் ஒன்றில் நாய்ச் சாப்பாடு, கழுத்துப்பட்டி, மீன் தொட்டி எல்லாம் விற்கும் கடை அது. அம்மா போய், எங்கள் பூனைக்கு என்று தெளிவாகச் சொல்லித்தான் மருந்து கேட்டார். கடைக்காரர் பெரிய நாய்க்குப் போடும் மருந்தைத் திறந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்து, சொப்பின் பேக்கில் சுற்றிக் கொடுத்தாராம். "எல்லாம் ஒரே மருந்துதாம்மா. பூனைக்கு அளவக் கொறச்சாப் போதும், பிடரியில விடுங்க." மருந்தின் பெயரும் சொல்லவில்லை, பில்லும் கொடுக்கவில்லை.

பின்னேரம் போட்டோம். இரவாகும்போது காது நுனி தானாகத் துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் ஈரத்தை உதறுவது போல முன்காலை உதறிக்கொண்டே இருந்தது. முதுகுத் தோல் அலை அலையாகச் சுருங்கியது. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது, எழுந்து நிற்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, குளிர் காய்ச்சல்தான், பாதி பனடோல் கரைத்து ஊற்று என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பூனைக்குப் பனடோல் விஷம். ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். நல்ல வேளை, அதற்குள் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் போனில் கிடைத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிடரி, முதுகு எல்லாம் நன்றாகக் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் தோல் மருந்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உடம்பு குளிர்ந்து நடுக்கம் கூடும். கழுவியதும் நன்றாகத் துடைத்து, கம்பளியில் சுற்றிச் சூடாக வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் இதை மறந்தால் கழுவியதே ஆபத்தாகிவிடும். வாந்தி எடுக்க வைக்கவோ, இழுப்பு இருக்கும்போது பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றவோ கூடாது. கழுவிய கையோடு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. இழுப்பை அடக்கும் ஊசியும் சேலைனும் கொடுத்து, உடம்பு அதை வெளியேற்றும் வரை காப்பாற்ற வேண்டியதுதான்.

இரவோடு இரவாக வாடகை வாகனம் பிடித்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டது. ஆனால் வாகனச் செலவை நினைத்தால் எனக்கே இழுப்பு வருகிறது.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். அந்த மருந்தின் பெட்டியைக் காட்டச் சொன்னேன். முதலில் மழுப்பினார், பிறகு எடுத்தார். பெட்டியில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் அச்சடித்திருந்தது. பக்கத்திலேயே ஒரு பூனைப் படம், அதன் மேல் குறுக்குக் கோடு! எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற படம். அதைக் காட்டியதற்கு, "எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கேன், ஒரு பூனைக்கும் ஒண்ணும் ஆகல" என்றார். செத்த பூனையைத் தூக்கிக்கொண்டு யார் கடைக்கு வரப்போகிறார்கள்?

அளவைக் குறைத்தால் சரி என்பது சுத்தப் பொய். நாயின் ஈரல் பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. நாய்க்கு விடும் சொட்டு மருந்துகளில் இது நூற்றுக்கு 45, 50 வீதம் என்று கெட்டியாக இருக்கும், சில சொட்டே பூனைக்குப் போதும். பூனைக்கென்றே பிப்ரோனில், செலமெக்டின் கலந்த மருந்துகள் தனிப் பெட்டியில் வருகின்றன. பெட்டியில் பூனைக்கு என்று இருக்கிறதா, உங்கள் பூனையின் எடைக்கு ஏற்றதா, காலாவதித் திகதி என்ன என்று பார்த்து, முத்திரை பிரிக்காததை வாங்குங்கள். குட்டி என்றால் வைத்தியரைக் கேட்காமல் எதுவும் போட வேண்டாம்.

பில்லையும் விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நானும் அழைத்தேன், முதலில் கேட்டதே பில்தான்.

நாயும் பூனையும் சேர்ந்தே வளரும் வீடுகளுக்கு இன்னொன்று. நாய்க்கு இந்த மருந்தைப் போட்டால், அது நன்றாகக் காய்ந்து போகும் வரை பூனையை வேறு அறையில் வையுங்கள். பூனை அந்த நாயை நக்கினாலும், குளிருக்கு ஒட்டிப் படுத்தாலும் இதே நிலைமை வரும்.