டேப்பை ‘பிரைம்’ பக்கம் திருப்பிவிட்டு 1,450 வெள்ளி வாங்கிய பட்டறை

மலேசியாவில் பினாங்குத் தீவிலோ அக்கரையில் பட்டர்வொர்த், பிறை பக்கமோ பழைய ஜப்பான் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது. அதிலும் என்ஜினின் உறிஞ்சலில் (வேக்குவத்தில்) திறக்கும் பெட்ரோல் டேப், அதாவது டேங்க் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய் உள்ள வண்டி என்றால் கட்டாயம் படியுங்கள். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, பணம் கொடுக்கும் முன் குனிந்து டேப்பைப் பாருங்கள். பி-ஆர்-ஐ (பிரைம்) என்று பொறித்திருக்கும் பக்கம் அது திரும்பியிருந்தால் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

என்னுடையது 1978 சுசுகி ஜிஎஸ் 550. நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க நான்கு மிக்குனி கார்பரேட்டர். ஜெலுத்தோங்கில் கடைத்தெரு, சந்து எல்லாம் சமர்த்தாக ஓடும். தீவையும் அக்கரையையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தில் ஏறினால்தான் வம்பு. கப்பல் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்களே, அந்த ஏற்றத்தில் திராட்டலை முறுக்கியதும் பெட்ரோல் தீர்ந்த மாதிரி இருமி நின்றுவிடும். டேங்கில் பாதிக்கு மேல் இருக்கும். ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். 13.5 கிலோமீட்டர் பாலத்தில், பக்கத்தில் லாரிகள் இரைந்துகொண்டு போக, மோட்டாரைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பழைய வண்டிகளுக்குப் பேர் போனவர் என்று நண்பர்கள் சொன்ன ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். நம் ஆள்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “கார்பரேட்டர் நாலும் போச்சு தம்பி. ஜெட், நீடில், ஃப்ளோட் ஊசி எல்லாம் ஜப்பான்லேர்ந்து வரணும்” என்றார். (ஃப்ளோட் ஊசி என்பது கார்பரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி.) டேங்க் மூடியைத் திறக்கவில்லை, ஒரு ஹோஸைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பாதிப் பணம் முன்னதாக வேண்டுமென்றார், கொடுத்தேன். அப்புறம் வழக்கமான கதை: சாமான் கஸ்டம்ஸில் நிற்கிறது, பையன் லீவு, அடுத்த வாரம். கடைசியில் கூப்பிட்டார். பில் 1,450 வெள்ளி (ரிங்கிட்). நான்கு கார்பரேட்டர் சர்வீஸ், புது ஃப்ளோட் ஊசி நான்கு, ஜெட் செட், டேங்க் கழுவியது, நான்கையும் பேலன்ஸ் பண்ணியது என்று வரிசையாக எழுதியிருந்தது. வெறும் தாள். கடை முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை.

வண்டி அருமையாக வந்தது. பாலத்து ஏற்றத்தில் ஒரு இருமல்கூட இல்லை. மறுநாள் காலையில் வாசல் கதவைத் திறந்தால் போர்ட்டிக்கோ முழுக்கப் பெட்ரோல் வாடை, வண்டிக்கு அடியில் ஈரம்.

பக்கத்து வீட்டு மாமா துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சாவியை எடுத்ததைப் பார்த்ததுமே, “ஸ்டார்ட் பண்ணிராத! சிலிண்டர்ல பெட்ரோல் நின்னா கனெக்டிங் ராட் வளைஞ்சிரும்” என்று கத்தினார். அவர் சொன்னது சரி. பிஸ்டனால் காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது; பிஸ்டனைத் தள்ளும் ராடுதான் வளையும். என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தார், என்னிடமும் நீட்டினார். பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல இருந்தது. பெட்ரோல் கலந்த அந்த ஆயிலோடு ஓட்டியிருந்தால் பேரிங்குகள் தேய்ந்து நாசமாகியிருக்கும். வாசலில் யாராவது ஒரு சிகரெட் பற்றவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசிக்கவே பிடிக்கவில்லை.

இந்த டேப் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் நடந்த மோசடி புரியும். இதில் ‘ஆஃப்’ கிடையாது. ஆன், ரிசர்வ், பிரைம் என்று மூன்றே நிலை. ஆன், ரிசர்வ் இரண்டிலும் டேப்புக்குள் இருக்கும் ஒரு ரப்பர் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) பெட்ரோலை அடைத்து நிற்கும். என்ஜின் சுற்றும்போது கார்பரேட்டர் பக்கமிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக வரும் உறிஞ்சல் அதை இழுத்துத் திறக்கும். என்ஜின் நின்றால் தானாக மூடிக்கொள்ளும். பிரைமில் இந்தக் காவல் எதுவும் இல்லை. பெட்ரோல் நேராக இறங்கிக்கொண்டே இருக்கும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் காலியான கார்பரேட்டரை நிரப்புவதற்காகச் சிறிது நேரம் திருப்பி வைக்கும் நிலை அது. ஓட்டுவதற்கானது இல்லை, இரவெல்லாம் அப்படியே விடுவதற்கானது இல்லவே இல்லை.

மாமா டேப்பைக் காட்டினார். பிரைமில் இருந்தது.

ஆன் பக்கம் திருப்பி, வேக்குவம் ஹோஸைக் கழற்றினார். நுனி வெடித்து, விரலால் வளைத்தாலே ஒடிகிற நிலை. ஃபார்மசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சை டேப்பின் வேக்குவம் முனையில் ஒரு புது ஹோஸ் துண்டால் மாட்டி இழுத்தார். நல்ல டயஃப்ரம் என்றால் இழுத்த உறிஞ்சல் நிற்க வேண்டும், கீழே பெட்ரோல் ஓட வேண்டும். இங்கே உறிஞ்சல் நிற்கவில்லை, சிரிஞ்சுக்குள் பெட்ரோல் வந்தது. டயஃப்ரம் ஓட்டை. பாலத்தில் நின்றதற்கும் இதுதான் காரணம். சும்மா நின்று ஓடும்போது என்ஜினின் உறிஞ்சல் பலமாக இருக்கும். ஓட்டை ஹோஸையும் தாண்டி டேப்பைத் திறந்து வைக்கும். திராட்டலை அகலத் திறந்தால் உறிஞ்சல் குறையும், டேப் மூடிக்கொள்ளும். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்தாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நிற்கும். அதைச் சோதிக்க, நின்றவுடன் மூடியைத் திறந்து உஸ்ஸென்று சத்தம் வருகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு காசு செலவில்லை.

சரி, டேப் கோளாறு. புது ஃப்ளோட் ஊசிகள் ஒழுங்காக அடைத்திருந்தால் பிரைமில் இருந்தாலும் இவ்வளவு பெட்ரோல் இறங்கியிருக்காதே? மாமாவுக்கும் அதே சந்தேகம். கார்பரேட்டர் கிண்ணத்துத் திருகுகளைப் பார்த்தோம். வருஷக்கணக்கில் படிந்த அழுக்கு அப்படியே காய்ந்து கிடந்தது, ஸ்குரூ டிரைவர் பட்ட தடமே இல்லை. படம் எடுத்துவிட்டுத்தான் கழற்றினோம். உள்ளே பழுப்பாகப் பிசின் கட்டியிருந்தது. ஊசிகளின் ரப்பர் நுனியில் ஆழமான வளையம் விழுந்திருந்தது. பில்லில் புதியது என்று எழுதிய அதே ஊசிகள்.

அரைகுறை மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. தெரியாமல் கெடுத்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் டேப்பைப் பிரைமுக்குத் திருப்பியவருக்குக் கோளாறு எங்கே என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. சில வெள்ளி ஹோஸையும் ஒரு டயஃப்ரத்தையும் மாற்றினால் 1,450 கேட்க முடியாது, அவ்வளவுதான்.

பட்டறைக்காரருக்குப் போன் பண்ணினேன். “பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி, இன்னொரு தடவை கொண்டுவாங்க” என்றார். படங்களை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. டேப் ரிப்பேர் கிட், நான்கு ஊசி, பெட்ரோலுக்கென்றே செய்த ரப்பர் ஹோஸ், புது ஆயில் எல்லாம் சேர்த்து 300 வெள்ளிக்குள் நாங்களே முடித்தோம். (மீன்தொட்டிக்கு விற்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயை யாராவது பெட்ரோலுக்கு மாட்டிக் கொடுத்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். கொஞ்ச நாளில் விறைத்து, முனையில் கழன்றுவிடும்.)

அப்புறம் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்துக்குப் போனேன். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, இப்படிப்பட்ட சேவைக்கும் பொருந்தும். 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருஷத்துக்குள் மனு போட வேண்டும், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிராளி யார் என்று எழுதியாக வேண்டுமே, அங்கேதான் முத்திரையில்லாத பில் காலை வாரியது. பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்ததால் கணக்குப் பெயர் கிடைத்தது. நீங்கள் வண்டியை விடும் அன்றே கடைப் பலகையையும் சுவரில் மாட்டியிருக்கும் வணிகப் பதிவுச் சான்றிதழையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானை எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் பட்டறை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

வழக்கு நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. விசாரணைக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் அவரே போன் பண்ணினார். பாதிப் பணம் தருகிறாராம், மனுவை வாபஸ் வாங்க வேண்டுமாம். அந்த நான்கு ஊசியை எங்கே வாங்கினீர்கள் அண்ணே, அந்த ரசீதை மட்டும் அனுப்புங்கள், பேசலாம் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.