லீவர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்களே, 18,500 ரேண்டைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடுங்க" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு நானும் விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரர் அடுத்த ஆளுக்கு மொட்டை அடிக்கப் போய்விடுவார். 18,500 ரேண்ட். ஒரு பழைய லீவர் ரைஃபிளுக்கு (விசைக்கு அடியில் இருக்கும் லீவரை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் நீளத் துப்பாக்கி), முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினேன். இன்று அது என் இரும்புப் பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது. நம்பிச் சுட முடியாது, மனசாட்சியோடு இன்னொருவருக்கு விற்க முடியாது, விற்றவரும் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்.

கடையின் பெயரைப் போடவில்லை. தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம், பழைய துப்பாக்கிகளைக் கமிஷனுக்கு விற்றுத் தரும் கடை. நம்ம ஆள் நடத்துவது. வயிற்றெரிச்சலே அதனால்தான்.

என்னிடம் ஏற்கெனவே .357 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது. அதே தோட்டாவைப் போடும் ரைஃபிள் ஒன்று இருந்தால் ஒரே வகைத் தோட்டா வாங்கினால் போதும், சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்து ரீலோடு செய்யவும் ஒரே டை செட் (அச்சுக் கருவி) போதும். டோங்காட்டுக்கு மேலே நண்பர் ஒருவருக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் ஒரே இரவில் வரிசை வரிசையாக மிதித்துக் கடித்துப் போட்டுவிடும். அங்கே சுடும் தூரம் ஐம்பது மீட்டருக்குள்தான். அதற்குப் பெரிய ரைஃபிள் எதற்கு? 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) குண்டு ரிவால்வரில் நொடிக்கு ஏறத்தாழ 380 மீட்டர் வேகத்தில் போகும். அதே தோட்டா 18, 20 அங்குலக் குழலில் 500 மீட்டரைத் தாண்டும். சின்ன ரைஃபிள், தோளில் இடிக்காது, புதருக்குள் சுலபமாகத் திருப்பலாம். லீவர் வேண்டும் என்று நான் முடிவு செய்ததில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

கடையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை அங்கேதான் இருக்கிறது. நான் பெயரைச் சொன்னதுமே, "அட, நீ இன்னார் வீட்டுப் பையனா? உங்க பெரியப்பாவுக்கு நான்தான் துப்பாக்கி குடுத்தேன், அவர் எனக்கு அண்ணன் மாதிரி" என்றார். டீ வந்தது. பெரியப்பா இறந்ததைக் கேட்டுக் கண் கலங்கினார். பிறகு உள்ளே போய் அந்த ரைஃபிளை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். மரக்கட்டை பளபளவென்று இருந்தது, நீல மெருகு எங்கும் போகவில்லை. மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றைப் பக்கவாட்டு வாசல் வழியாக மேகஸினுக்குள் (குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) தள்ளி லீவரை இழுத்துக் காட்டினார். வெண்ணெயாய் ஏறியது, இறங்கியது.

"அங்கிள், மேகஸின் நிறைய டம்மி போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். ".357ல ஒண்ணுதான்பா கையில இருக்கு" என்றார். "ரேஞ்சில நாலு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாமா?" "ரேஞ்ச்ல வேலை நடக்குது. லைசன்ஸ் வரட்டும், நானே கூட வரேன்." கடைசியாக ஒன்று சொன்னார். "தம்பி, புரட்டாசி மாசம். வீட்ல கவிச்சி கிடையாது. இந்த மாசத்துல நான் பொய் சொல்லுவேனா?"

புரட்டாசியைச் சாட்சிக்கு இழுத்தவரை எப்படி நம்பாமல் இருப்பது? 18,500 ரேண்டைக் கட்டினேன்.

இந்த நாட்டில் துப்பாக்கி வாங்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக: பணத்தைக் கட்டிவிட்டுத் துப்பாக்கியைக் கையோடு எடுத்து வர முடியாது. 2000ஆம் ஆண்டின் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் துப்பாக்கியைக் கையாளத் தகுதி உண்டு என்னும் காம்பிடென்சி சான்றிதழ், பிறகு அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியின் சீரியல் எண்ணுக்கே ஒரு லைசன்ஸ். தற்காப்புக்கான 13ஆம் பிரிவில் ரைஃபிளுக்கு இடமில்லை. வேட்டை, விளையாட்டு என்று 15 அல்லது 16ஆம் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். லைசன்ஸ் வரும்வரை துப்பாக்கி டீலரிடமே இருக்கும். மாதக்கணக்கில் காத்திருந்தேன், வைத்திருப்பதற்கு மாதா மாதம் வாடகையும் வாங்கினார். அது 18,500க்கு மேல் தனி.

லைசன்ஸ் வந்தது. அவர் கூட வரவில்லை, "வேலை இருக்கு" என்றார். நானே ரேஞ்சுக்குப் போனேன். முதல் தோட்டா சுட்டது. லீவரை இழுத்தேன், பாதியில் நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. உள்ளே மருந்துள்ள நிஜத் தோட்டாக்கள். ரேஞ்ச் ஆபீசர் ஓடி வந்து குழலை இலக்குப் பக்கமே பிடித்திருக்கச் சொல்லி, ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகக் கழற்றி எடுத்தார். இரண்டாவது தோட்டா, அதைத் தூக்க வேண்டிய கேரியருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. சரி செய்து மறுபடி போட்டேன், மறுபடியும் அதே கதை. பன்றி எதிரே வரும்போது இது நடந்திருந்தால்?

துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித் ஒருவர் பிரித்துக் காட்டினார். லீவரின் கூரான விளிம்பு உரசி உரசிக் கேரியரின் அடியில் ஒரு பள்ளமே தோண்டியிருந்தது. விரலால் தடவினாலே தெரிந்தது. அதனால் கேரியர் எழும் நேரம் தவறுகிறது, குழல் மேகஸினின் ஸ்பிரிங் பின்னால் இருக்கும் தோட்டாவை முன்னதாகவே தள்ளிவிடுகிறது. பின்னால் தள்ள இன்னொரு தோட்டா இருந்தால்தான் இந்தக் கோளாறு வெளியே தெரியும். ஒரே ஒரு டம்மி போட்டால் கடைசிவரை தெரியாது. இப்போது புரிகிறதா, ஏன் அவர் கையில் "ஒண்ணுதான்" இருந்தது என்று? அந்தப் பள்ளத்தில் யாரோ பசை போட்டு நிரப்பி, அதுவும் தேய்ந்திருந்தது. அதாவது இந்தக் கோளாறு ஏற்கெனவே ஒருவருக்குத் தெரியும்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "எண்ணெய் விட்டு நல்லா அடிச்சு இழு, சரியாயிடும்." மறுபடி போன். ".38 ஸ்பெஷல் போட்டியா? அதான்." நான் போட்டது .357. .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம், அது நீளம் குறைவு, சில ரைஃபிள்களில் தடுமாறும் என்பது உண்மைதான், ஆனால் நான் அதைத் தொடவே இல்லை. அப்புறம், "போன ஓனர் செஞ்ச வேலை, நான் என்ன பண்ண?" அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போனால் மகன் நிற்கிறான், "அப்பா இல்லை அங்கிள்". உள்ளே அவர் இருமும் சத்தம் எனக்குக் கேட்கிறது. கடைசியில் வெளியே வந்து, "பில்லைப் பாரு, ஃபூட்ஸ்டூட்ஸ்னு சீல் குத்தியிருக்கு. லைசன்ஸ் உன் பேர்ல. துப்பாக்கி உன்னுது" என்றார். 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்றால் இருக்கிற நிலையிலேயே விற்பனை, குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று பொருள். தம்பியும் இல்லை, பெரியப்பாவும் இல்லை.

இங்கேதான் எல்லோரும் பயந்து திரும்பி வந்துவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். வியாபாரி நுகர்வோருக்கு விற்கும்போது அந்தச் சீல் மட்டும் அவரைக் காப்பாற்றாது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் கோளாறு இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பது நம் விருப்பம். இன்ன குறை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, நாம் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால்தான் கதை வேறு. எனக்கு யார் சொன்னார்கள்?

எதைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். மேகஸின் கொள்ளும் அளவுக்கு டம்மி தோட்டாக்களை நீங்களே கொண்டு போங்கள். மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பாருங்கள். டீலரின் மேற்பார்வையில் ரேஞ்சில் சுட்டுப் பார்க்காமல் ஒரு ரேண்ட் கட்டாதீர்கள். .38 நிறையச் சுட்ட .357இல் தோட்டா அமரும் அறைக்குள் கரி வளையம் இருக்கும், விளக்கடித்துப் பாருங்கள். பன்றிதான் குறி என்றால் .44 மேக்னத்தையும் யோசியுங்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892 ரைஃபிளின் பூட்டு (சுடும்போது தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கும் பகுதி) உறுதியானது, பிரேசிலின் ரோஸி செய்வதும் அந்த மாதிரிதான். 1873 மாதிரி அழகு, ஆனால் பூட்டு அவ்வளவு பலமில்லை, மருந்து கூட்டி ரீலோடு செய்த தோட்டாவை அதில் போடாதீர்கள். குழல் மேகஸினில் கூர்முனைக் குண்டு கூடவே கூடாது. பில்லில் துப்பாக்கியின் நிலையை எழுதி வாங்குங்கள், சீல் எதுவும் குத்த விடாதீர்கள்.

கோரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டேன், 14 நாள் கெடு. அதற்குப் பிறகு சிறு வழக்கு நீதிமன்றம். 2019இல் அதன் வரம்பை 20,000 ரேண்டாக உயர்த்தினார்கள், என் 18,500 அதற்குள் வருகிறது, வக்கீலும் வேண்டாம். இதே கடையில் ஒரே டம்மியைக் காட்டி யாருக்காவது விற்றிருந்தால் எனக்கு எழுதுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.