நானோஃபைபர் மேட் டென்சில் டெஸ்ட்: தடிமனை அளக்கறதா, எடை போடறதா?

ஒரே ட்ரம்ல ஒரே நாள்ல ஸ்பின் பண்ணின பிசிஎல் மேட், அதாவது பாலிகாப்ரோலாக்டோன்ங்கற பாலிமரை ரொம்ப மெல்லிய நாரா இழுத்து, சுத்தற உருளை மேல துணி மாதிரி படிய வச்சது. அதுல நான் ஸ்ட்ரிப் வெட்டி, அறுந்துபோற வரைக்கும் இழுத்து டெஸ்ட் பண்ணினா ஒரு ஸ்ட்ரெங்த் வருது, ஜூனியர் பண்ணினா அதைவிட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வருது. மெஷின் அதேதான், கிரிப்பும் ஸ்பீடும் அதேதான். ரெண்டு பேரோட ஃபோர்ஸ் கர்வையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாத்தா ஒட்டிக்கிட்டே போகுது. அப்ப வித்தியாசம் இழுக்கறதுல இல்ல, அந்த ஃபோர்ஸை ஸ்ட்ரிப்போட குறுக்குப் பரப்பால (அகலம் × தடிமன்) வகுக்கறதுலதான். நான் மைக்ரோமீட்டர் மேட்டைத் தொட்டதுமே நிறுத்திடுவேன், அவன் ராட்செட் சத்தம் வர்ற வரைக்கும் திருகுவான். அவன் செஞ்சதுதான் மைக்ரோமீட்டரை யூஸ் பண்ற சரியான முறை, ஆனா இந்த மாதிரி மேட்டுக்கு அந்த கருவியே சரிப்படல. அன்னைக்கு எடைக்கு மாறினேன், இப்ப வரைக்கும் அதுதான்.

ராட்செட் வச்ச சாதாரண மைக்ரோமீட்டர் 5 நியூட்டனுக்குக் குறையாம அமுக்கும், அதோட முகம் சுமார் 6 மிமீ விட்டம், அப்ப பிரஷர் 150 கிலோபாஸ்கலைத் தாண்டிடும். நான்வோவன் (நெய்யாத) துணிக்குத் தடிமன் அளக்கற ஐஎஸ்ஓ முறையில அமுக்கறது வெறும் 0.5 கிலோபாஸ்கல். இரும்புத் தகட்டுக்கு இந்த வித்தியாசம் ஒண்ணும் பண்ணாது. நம்ம மேட்ல பாதிக்கு மேல காத்துதான், அது அமுக்கினா அமுங்கத்தான் செய்யும்.

கணக்கா போட்டா எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரியும். ஸ்ட்ரிப் 10 மிமீ அகலம், சதுர மீட்டருக்கு 20 கிராம் எடை, 3 நியூட்டன்ல அறுந்துடுதுன்னு வச்சுக்குவோம். தடிமன் 100 மைக்ரான்னு அளந்தா 3 மெகாபாஸ்கல். அமுக்கி 70 மைக்ரான்னு அளந்தா 4.3. பிசிஎல் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.145 கிராம், அதை வச்சு காத்தைக் கழிச்சிட்டு பாலிமர் மட்டும் எவ்வளவு தடிமன்னு போட்டா 17.5 மைக்ரான்தான் வருது, அந்தக் கணக்குல ஸ்ட்ரெங்த் 17 மெகாபாஸ்கல். ஒரே ஸ்ட்ரிப், ஒரே 3 நியூட்டன், மூணு பதில்! பேப்பர்ல எந்தத் தடிமன், எப்படி அளந்ததுன்னு எழுதலைன்னா ரெண்டு லேப் ரிசல்ட்டை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுக்கே அர்த்தமில்ல.

எடை முறையில என்ன பண்றோம்னா, ஸ்ட்ரிப்பை வெட்டி, எடை போட்டு, நீளத்தால வகுத்துடறோம், நூல்காரங்க டெக்ஸ்னு சொல்றது இதைத்தான், 1 கிலோமீட்டருக்கு எத்தனை கிராம்னு. மேல சொன்ன ஸ்ட்ரிப் 200 டெக்ஸ். 3 நியூட்டனை 200ஆல வகுத்தா டெக்ஸுக்கு 0.015 நியூட்டன், அதை அடர்த்தியால பெருக்கினா 0.017 கிகாபாஸ்கல், அதாவது அதே 17 மெகாபாஸ்கல் வந்து நிக்குது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா தடிமன் மட்டுமில்ல, அகலமும் கணக்குலேர்ந்து போயிடுது. பிளேடு அரை மிமீ தள்ளி வெட்டினா பழைய முறையில நேரா 5 சதவீதம் தப்பு, இதுல எடையும் கூடவே ஏறிடறதால பெருசா பாதிக்காது. மேட்டோட நடுப்பகுதி கெட்டியாவும் ஓரம் மெல்லிசாவும் இருக்கற பிரச்சனையும் இப்படித்தான் தணியுது, ஏன்னா ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் அதோட எடையாலதான் வகுக்கறோம்.

சிரமம் இல்லாம இல்ல. 40 மிமீ நீள ஸ்ட்ரிப் 8 மில்லிகிராம்தான் இருக்கும், நாலு டெசிமல் பேலன்ஸ் கட்டாயம் வேணும், ஸ்டேடிக் சார்ஜ்ல ரீடிங் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், நான் அலுமினியம் ஃபாயில்ல கொஞ்ச நேரம் வச்சுட்டுத்தான் போடறேன். நைலான் 6ன்னா காத்துல இருக்கற ஈரத்தையும் குடிச்சு வச்சிருக்கும், அதுவும் எடைல சேந்துடும்.

தடிமன் முறை வேணவே வேணாம்னு சொல்லல. ஸ்கேஃபோல்டா, அதாவது உடம்புல திசு வளர்றதுக்குத் தாங்கலா, வச்சுத் தைக்கப் போறோம்னா அந்த மேட் காத்தோட சேத்து மொத்தமா எவ்வளவு தாங்கும்னுதான் தெரியணும், திசுவோட ஒப்பிடறதும் அப்படித்தான். அதுக்கு மைக்ரோமீட்டரை விட்டுட்டு லேசா அமுக்கற தடிமன் கேஜ்ல அளந்து, பிரஷரையும் எழுதிடுங்க.

மத்த கண்டிஷன்ஸ் ரெண்டு முறைக்கும் பொதுதான். 5 கிலோநியூட்டன் லோட் செல்லுல (ஃபோர்ஸை அளக்கற சென்சார்) 3 நியூட்டன் அளக்காதீங்க, அது கெப்பாசிட்டில 0.06 சதவீதம். ஸ்பீடு 10 மிமீ/நிமிஷம்னு எழுதினா பத்தாது, கேஜ் லெங்த் (ரெண்டு கிரிப்புக்கும் நடுவுல இருக்கற ஸ்ட்ரிப் நீளம்) 20 மிமீன்னா அது நிமிஷத்துக்கு 50 சதவீதம், 50 மிமீன்னா 20தான். பிசிஎல் 60 டிகிரி பக்கத்துலயே உருகிடும், அதனால 37 டிகிரில டெஸ்ட் பண்ணினா ரூம் டெம்பரேச்சரைவிட இளகித்தான் இருக்கும். நைலான் 6க்கு ஹ்யூமிடிட்டி அதைவிட முக்கியம், உலர்ந்தப்ப 50 டிகிரி பக்கம் இருக்கற அதோட கிளாஸ் டிரான்சிஷன் (விறைப்பா இருக்கற பாலிமர் இளக ஆரம்பிக்கற வெப்பநிலை) தண்ணி ஏற ஏற ரூம் டெம்பரேச்சருக்கும் கீழ இறங்கிடும், மழை நாள்ல எடுத்த ரிசல்ட்டையும் ஏசில காய வச்சு எடுத்ததையும் ஒரே டேபிள்ல போடக் கூடாது.

ஈரத்துல ஊற வச்சு இழுக்கற டெஸ்ட்டுக்கு எடை முறை எவ்வளவு கைகொடுக்கும்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு நான் பண்ணல. பண்ணின ரெண்டு பேட்ச்சுக்கும் ஊற வைக்கறதுக்கு முன்னாடி போட்ட உலர் எடையாலதான் வகுத்தேன், பிசிஎல்லுக்கு அது போதும்னு தோணுச்சு, ஜெலட்டின் கலந்த மேட் ஊறும்போதே கொஞ்சம் கரைஞ்சும் போகும்ங்கறதால அதுல எனக்கு அந்த நம்பிக்கை இல்ல.

இப்ப எங்க டேபிள்ல டெக்ஸ் கணக்குல வந்ததுதான் முதல் நெடுவரிசை, மெகாபாஸ்கல் அதுக்குப் பக்கத்துல, தடிமன் எந்த பிரஷர்ல அளந்ததுன்னு கீழ ஒரு வரி. ஒவ்வொரு ஸ்ட்ரிப்போட எடையும் நியூட்டன் ஃபைலும் சேத்தே கொடுத்துடறோம், வேற மாதிரி வகுக்கணும்னு நினைக்கறவங்க வகுத்துக்கலாம்.